ஊருக்குக் கூற்று உண்டு: தொல்காப்பியக் கூற்று மரபும் நடுநாட்டுக் காதற் கதைகளும்

ஆய்வுச் சுருக்கம்

காதலைச் சொல்லும் முறை காலந்தோறும் மாறிவந்ததை ஆராய்வோர் பெரும்பாலும் பாடுபொருளையோ இலக்கிய வடிவத்தையோ அளவுகோலாகக் கொள்வர். இக்கட்டுரை, தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் ‘கூற்று’ என்னும் உறுப்பை அளவுகோலாகக் கொள்கிறது. அகப்பாடலில் நேரே பேசும் உரிமை மறுக்கப்பட்ட ஊர், அயல், தந்தை, தன்னை ஆகியோர் விருத்தாசலத்தைச் சூழ்ந்த நடுநாட்டுக் காதற் கதைகளில் எவ்வாறு பேச்சுரிமை பெறுகின்றனர் என்பதும், அதனால் தலைவியின் கூற்றுக்கு என்ன நேர்கிறது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன. பெரியபுராணத்துச் சுந்தரர் – பரவையார் வரலாறும், கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’, இமையத்தின் ‘பெத்தவன்’, ‘எங் கதெ’ ஆகிய புனைகதைகளும் முதன்மைச் சான்றுகள்.

திறவுச்சொற்கள்: கூற்று, அலர், வாயில், அறத்தொடு நிற்றல், உடன்போக்கு, நடுநாடு, எடுத்துரைப்பு.

முன்னுரை

மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலத்தை இன்று வெளியூரார் பீங்கான் தொழிலால் அறிவர். களிமண்ணைப் பக்குவப்படுத்திச் சூளையில் சுட்டுப் பொம்மையும் கோப்பையுமாக விற்கும் ஊர் அது. தேவாரம் அதனை முதுகுன்றம் என்று அழைத்தது. மக்கள் வழக்கில் பழமலை. குன்றம் கண்ணில் படாத ஊருக்கு மூன்று பெயர்களும் மலையின் பெயராகவே அமைந்துள்ளன. தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்ட நடுநாட்டின் முதன்மை ஊர்களுள் ஒன்றாகிய இதற்கும் தமிழ்க் காதல் இலக்கியத்துக்கும் உள்ள தொடர்பு, தலபுராணத்தோடு முடிந்துவிடுவதன்று. சுந்தரர் தம் காதல் மனைவியின் பொருட்டுப் பொன் பெற்ற ஊர் இது. இன்றைய தமிழ்ப் புனைகதையில் காதலையும் சாதியையும் ஒருசேர வைத்து எழுதிய இருவர், இமையமும் கண்மணி குணசேகரனும், இதன் சுற்றுப்புறத்திலிருந்தே எழுதுகின்றனர். ஒரே நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளியில் எழுந்த கதைகளை அருகருகே வைத்துக் காணும் வாய்ப்பு ஆய்வாளனுக்கு எளிதில் கிட்டுவதில்லை.

இவற்றை ஒப்பிடும்போது எழும் வினா, காதல் எவ்வாறு மாறியது என்பதன்று. அதற்கு விடைகூற இலக்கியம் மட்டும் போதாது. காதலைப் பற்றி யார் பேசுகிறார் என்பதே இங்கு வினா. இவ்வினாவுக்கு மேலை எடுத்துரைப்பியல் தரும் கலைச்சொற்கள் பல உள. எனினும் தமிழ் மரபே இதனை மிகத் துல்லியமாகக் கேட்டிருக்கிறது, விடையும் வகுத்திருக்கிறது.

பேசக்கூடாதவர்கள்

தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகக் ‘கூற்று’ என்பதை வைக்கிறார். களவில் பேசுதற்கு உரியோர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என அறுவர். கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகிய அறுவர் கூடிப் பன்னிருவர் ஆவர். பொதுவாக நம் வகுப்பறைகளில் இப்பட்டியலோடு பாடம் நின்றுவிடுகிறது. அதனை அடுத்து வரும் விதியே இக்கட்டுரைக்கு அடிப்படை. ஊரார், அயலார், சேரியோர், நோயின் கூறுபாட்டை அறிவோர், தந்தை, தன்னை ஆகியோர்க்கு நேர்க்கூற்று இல்லை. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே என்கிறார் தொல்காப்பியர்.

இவ்விலக்கு தற்செயலானதன்று. காதலுக்கு இடையூறாக நிற்கக்கூடியவர் அனைவரும் இப்பட்டியலில் உள்ளனர். அலர் தூற்றுபவர் ஊராரும் அயலாரும். இற்செறிக்கும் அதிகாரம் உடையோர் தந்தையும் தமையனும். அவர்களது வலிமை அகப்பாடலில் மறைக்கப்படுவதில்லை. அலருக்கு அஞ்சாத தலைவி அகத்திணையில் அரியள். ஆயின் அவ்வலர், தலைவியின் வாயிலாகவோ தோழியின் வாயிலாகவோ மட்டுமே நம் செவிக்கு வருகிறது. ஊர் பழி தூற்றுகிறது என்பதை நாம் அறிவது, அப்பழியைச் சுமப்பவள் சொல்லித்தான். எனவே அலரின் சொற்களைக் காட்டிலும் அது அவளுக்குத் தந்த வலியே பாடலில் நிற்கிறது.

கலித்தொகையின் 39ஆம் பாடல் இதற்கு மிகச் சிறந்த சான்று. குறிஞ்சிக்கலியைச் சார்ந்த இப்பாடலில், தலைவியின் களவு வீட்டார்க்குத் தெரிவிக்கப்பட்ட செய்தியைத் தோழி சொல்கிறாள். செய்தி கேட்ட தமையன்மார் அம்பையும் வில்லையும் நோக்கிச் சினம் மூண்டு ஒரு பகற்பொழுது முழுவதும் கொதித்தனர். பின்னர்த் தணிந்து, இருவரிடத்தும் குற்றம் காணாது தலை சாய்த்தனர். அம்பு கையில் எடுக்கப்படும் தறுவாயில் இருந்தது என்பதைப் பாடல் மறைக்கவில்லை. ஆனால் அச்சினத்தை நாம் காண்பது தோழியின் கண்வழி. அவள் அதற்கு ஒரு பகல் என எல்லை வகுத்துவிடுகிறாள். கொலை நிகழாததற்குக் காரணம் தமையன்மாரின் நற்பண்பா, அன்றித் தோழியின் எடுத்துரைப்பா என்று கேட்டால், பாடல் என்ற அளவில் இரண்டாவதே காரணம் என்பது என் கருத்து. கூற்று உரிமை அவளிடம் இருக்கும்வரை கதை அவள் விரும்பும் இடத்தில் முடியும்.

அறத்தொடு நிற்றல் என்னும் துறையும் இதே அமைப்பினது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உணர்த்த, நற்றாய் வழியாகத் தந்தையும் தமையன்மாரும் உணர்கின்றனர். அவர்களும் வெளிப்பட உரைக்கப்பெறாமல் குறிப்பினாலேயே உணர்வர் என்பது மரபு. செய்தி பெண்களின் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. ஆடவரிடம் சேரும்போது பாடல் நின்றுவிடுகிறது. தந்தை வாய்திறப்பதற்கு முன் அகப்பாடல் முடிந்துவிடுகிறது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கு வேண்டும். இதனைக் கொண்டு சங்ககாலத்தில் காதலர்க்குத் தடையில்லை என்று முடிவுகட்டுவது தவறு. கூற்று விதி வாழ்க்கையைக் காட்டுவதன்று. வாழ்க்கையில் யார் குரல் ஓங்கி ஒலித்ததோ, அக்குரலைப் பாடலில் ஒடுக்கியது. அத்தகைய விதி தேவைப்பட்டதே, வெளியில் அக்குரல் ஓங்கியிருந்ததற்குச் சான்றாகலாம்.

கோவையும் தொடர்கதையும்

தனித்தனிக் கூற்றுகளை ஒருவரின் பின் ஒருவராக அடுக்கிக் கதைபோலத் தொடுத்தவர் கோவை ஆசிரியர்கள். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களில் இயற்கைப் புணர்ச்சி தொடங்கிக் கற்பு வரை ஒரே இணையரைப் பின்தொடர்கிறது. எடுத்துரைப்பு நோக்கில் இது பெரும் பாய்ச்சல். ஆயினும் கூற்று உரிமையில் மாற்றம் இல்லை. ஊர் அங்கும் வாய் திறப்பதில்லை. பாட்டுடைத் தலைவனாகத் தில்லைப் பெருமான் நிற்க, கிளவித் தலைவன் பெயரின்றியே இருக்கிறான். பெயர் சுட்டாமையும் கூற்று வரையறையும் சேர்ந்தே காக்கப்பட்டன. ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் தளரும் என்பதைச் சேக்கிழார் காட்டுகிறார்.

பழமலையில் இட்ட பொன்

8ஆம் நூற்றாண்டினர் எனப் பலரும் கருதும் சுந்தரர், தம் பதிகங்களில் பரவையின் பெயரைத் தாமே சொல்கிறார். தலைவனே பெயர் சுட்டித் தன் மனையாளைப் பற்றிப் பேசும் இந்நிலை அகமரபிலிருந்து விலகியது. திருமுதுகுன்றத்து இறைவனிடம் அவர் வேண்டியதும் பரவையின் மனத்துயர் தீர்க்கும் பொன்னையே. 12,000 பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணித்த வரலாறு தமிழறிந்தோர் அனைவரும் அறிந்தது. ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுதல் என்று மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட தொடருக்கும் இதுவே ஊற்று.

இவ்வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எடுத்துரைக்கும் முறையில் கூற்று மாற்றங்கள் சில உள்ளன. முதலாவது, தடுத்தாட்கொண்ட புராணத்தில் சுந்தரரும் பரவையாரும் முதன்முறை காணும் காட்சி. பரவையாரைக் கண்ட சுந்தரர் இவள் யாரோ என ஐயுறுவது களவியல் மரபு. ஐயம் தலைவனுக்கே உரியது, தலைவிக்கு இல்லை என்பது உரையாசிரியர்கள் வகுத்த நெறி. சேக்கிழாரோ பரவையாரையும் ஐயுற வைக்கிறார்; எதிர்ப்பட்டவன் முருகனோ, காமனோ என அவர் நெஞ்சம் வினவுகிறது. இலக்கணத்தை நன்கறிந்த புலவர் அதனை மீறுகிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும். பின்னர் இறைவனின் சொல்லையே மறுக்கப்போகும் பெண்ணுக்கு, முதற் காட்சியிலேயே தானாக எண்ணிப் பார்க்கும் உரிமையைத் தருகிறார் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, குளத்தில் பொன் தேடும் நிகழ்ச்சி. முதுகுன்றத்து ஆற்றில் இட்ட பொன்னை இங்கே எடுக்கலாம் எனச் சுந்தரர் சொல்ல, பரவையார் சிறுமுறுவலோடு இது என்ன அதிசயம் என வினவுகிறார். அருட்செயலின் நடுவே ஒரு மனைவியின் இயல்பான ஐயத்தைச் சேக்கிழார் நீக்கிவிடவில்லை. பொன் கிடைத்த பின்னும் அதன் மாற்றைச் சரிபார்ப்பதற்காக முன்னரே எடுத்துவைத்த மாதிரியோடு ஒத்துப் பார்க்கின்றனர். அருளால் வந்த பொன்னையும் உரைத்துப் பார்க்கும் குடும்பம் அது. காதற் கதைக்குள் பொருட்கணக்கு நுழையும் இவ்விடம், பிற்காலப் புனைகதைகளை நினைவுபடுத்துகிறது.

மூன்றாவதே இக்கட்டுரைக்கு முதன்மையானது. சங்கிலியாரை மணந்ததனால் ஊடிய பரவையாரிடம் சுந்தரரின் பொருட்டு இறைவனே ஓரிரவில் இருமுறை தூது செல்கிறான். தொல்காப்பியர் கற்பியலில் கூறும் பன்னிரு வாயில்களுள் எதிலும் அடங்காத வாயில் அது. முதன்முறை மறுக்கும் பரவையார், இரண்டாம் முறை உடன்படுகிறார். வாயில் மறுத்தல் என்னும் துறை அதன் உச்சத்தை எட்டிய இடம் இதுவெனலாம்.

ஆனால் இந்நிகழ்ச்சியைச் சேக்கிழார் சுந்தரர் வரலாறாகிய தடுத்தாட்கொண்ட புராணத்தில் வைக்கவில்லை. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் வைத்தார். கலிக்காமர் யார்? ஒரு பெண்ணிடம் இறைவனைத் தூதனுப்பிய செயல் அடாது எனச் சினந்தவர். சுந்தரரால் தம் சூலை நோய் தீர்வதைவிட வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாய்வதே மேல் எனத் துணிந்தவர். அகமரபில் பேச்சுரிமை பெறாத அயலாருள் ஒருவர் இங்கே நாயனாராகி, முழுப் புராணம் ஒன்றுக்கே உரியவராகிறார். காதலைக் கண்டிப்பவரின் வரலாற்றுக்குள் காதல் சொல்லப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளாக அடங்கியிருந்த கூற்று இங்கு முதன்முறையாக எழுந்தது என்று சொல்லிவிட முடியாது. காப்பியங்களில் ஊர் முன்பே பேசியதுண்டு. ஆனால் காதலுக்கு எதிரான குரலுக்கு இத்துணைப் பெருமை தந்து, அதே வேளையில் அக்குரல் தலைவியின் குரலை விழுங்கிவிடாமல் காத்த அமைப்பு வேறெங்கும் அரிது. கலிக்காமரும் பேசுகிறார், பரவையாரும் பேசுகிறார்.

பேசாமல் போனவள் ஒருத்தி உண்டு. திருமணப் பந்தலில் தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரருக்கு மணம் பேசப்பட்டிருந்த புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகள். அவளுக்குப் பெயரும் இல்லை, கூற்றும் இல்லை. சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் எனக் கூறிவிட்டுப் புராணம் மேலே செல்கிறது. நடுநாட்டுப் புனைகதைகள் இத்தகைய பெண்ணிடத்திலிருந்தே தொடங்குகின்றன.

பெயரால் விருத்தாசலம்

இடைப்பட்ட காலத்தைக் கடக்கும் முன் ஒரு குறிப்பு. நவீனத் தமிழ்ச் சிறுகதையின் தலையாய ஆசிரியரான புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அவரது கதையுலகம் நெல்லையும் சென்னையுமாதலின் அவரை நடுநாட்டு எழுத்தாளர் எனல் பொருந்தாது. ஆயினும் ‘செல்லம்மாள்’ என்னும் அவர் கதை இங்கு நினைக்கத்தக்கது. மனைவி இறந்துவிட்டாள் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சென்று, பிரமநாயகம் பிள்ளை அவளைப் பேணிய நாள்களைச் சொல்லும் அக்கதையில் காதல் என்ற உணர்ச்சியை எவரும் எடுத்துப் பேசுவதில்லை. கணவன் பேசாமல் பணிவிடை செய்கிறான். கதைசொல்லியும் அதற்குப் பெயரிடுவதில்லை. கூற்றின்றியும் காதலைச் சொல்லலாம் என்று நவீன உரைநடை கண்டுகொண்ட இடங்களுள் அது ஒன்று. ஊரின் குறுக்கீடு இல்லாத நகரத்து ஒண்டுக்குடித்தனத்தில்தான் அது இயன்றது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அலரே கதையாதல்: ‘அஞ்சலை’

கண்மணி குணசேகரன் விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்தவர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளராகப் பணிபுரிந்தவர். வட்டாரச் சொற்களைத் தொகுத்து ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ தந்தவரும் இவரே. அவரது ‘அஞ்சலை’ நாவலில், பெண் பார்க்கும்போது காட்டப்பட்டவன் ஒருவன். தாலி கட்டியவன் வேறொருவன். இம்மோசத்திலிருந்து அஞ்சலையின் வாழ்வு முழுதும் சரிகிறது.

அகமரபில் அலருக்கு ஓர் ஆக்கப்பணி உண்டு. அலரால் காமம் மிகும். அலருக்கு அஞ்சித் தலைவன் வரைவு முடுக்கப்படுவான். பழிச்சொல்லே திருமணத்துக்கு வழியாகும். ‘அஞ்சலை’யில் அலர் மணத்துக்குப் பின் வருகிறது, அது செலுத்துவதற்கு வரைவு என்னும் துறை மீதமில்லை. தெருவின் ஏசலும் உறவினரின் குத்தலும் நடுநாட்டுப் பேச்சுமொழியில் நேர்க்கூற்றாகவே பக்கம் பக்கமாக வருகின்றன. தொல்காப்பியர் வாயடைத்த ஊர், தன் சொந்தச் சொற்களோடு, சொந்த வசைகளோடு உள்ளே வந்துவிட்டது.

வட்டார வழக்கு நடுநாட்டு எழுத்தில் பெற்ற இடத்தை மொழியின் விடுதலையாகக் கொண்டாடுவோர் உளர். அது உண்மையே. ஆனால் எடுத்துரைப்பு நோக்கில் அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அகப்பாடலின் செம்மொழி, ஊரின் குரலை வடிகட்டியே தந்தது. பேச்சுமொழியை ஏற்றுக்கொண்ட நாவலில் அவ்வடிகட்டி இல்லை. அஞ்சலைக்கு அவள் மொழி கிடைத்தது. அவளைக் குத்துவோர்க்கும் அதே மொழி அதே அளவில் கிடைத்துவிட்டது.

தந்தையின் கூற்று: ‘பெத்தவன்’

2003ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்ட இளம் இணையர் ஊரார் கண்ணெதிரே நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். வழக்கில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025இல். கலித்தொகைத் தமையன்மாரின் சினத்துக்கு ஒரு பகல் எல்லையாக இருந்தது. இங்கே சினத்துக்குத் தோழி இல்லை. அக்கொலை பற்றிய நீதி விசாரணைக்கே பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இந்நிலத்திலிருந்து காதலை எழுதும் எவரும் இதனைக் கடந்து எழுத இயலாது என்பதனால் இச்செய்தி இங்குக் குறிக்கப்படுகிறது. இமையத்தின் கதைக்கு இதுவே மூலம் எனக் காட்டுவதற்காக அன்று.

அந்நிகழ்வுக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்தது இமையத்தின் ‘பெத்தவன்’ என்னும் நெடுங்கதை. பழனி என்னும் உழவரின் மகள் பாக்கியம், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த காவல்துறைப் பணியாளன் ஒருவனைக் காதலிக்கிறாள். ஊர் கூடுகிறது. மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று தந்தையிடம் உறுதி பெறுகிறது. அவரும் உறுதி தருகிறார். இரவில், கொல்வதற்கு மாறாக, மகளை அனுப்பிவைக்கிறார். தாம் நஞ்சுண்டு மாய்கிறார். கதையின் காலம் ஒரு பகலின் பிற்பாதியும் ஓர் இரவும் மட்டுமே.

இக்கதையில் கூற்றுப் பங்கீட்டைக் காண்போர்க்கு வியப்பு உண்டாகும். தொல்காப்பியர் விலக்கிய பட்டியலை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, அதனை அப்படியே புரட்டி எழுதியது போன்ற அமைப்பு. முதலில் பேசுவது ஊர். அதுவும் தனித்தனி மனிதராக அன்றி, ஒருவர் விட்டதை மற்றவர் தொடரும் ஒற்றைக் குரலாக. பின்னர்ப் பேசுபவர் தந்தை. களவில் பேச உரிமை பெற்றிருந்த அறுவருள் தலைவனை நாம் பெரும்பாலும் பிறர் பேச்சின் வழியே அறிகிறோம். தலைவி மிகக் குறைவாகப் பேசுகிறாள். தோழி, பாங்கன், செவிலி ஆகியோர்க்கு இடமே இல்லை.

ஆயினும் பழைய துறை அழிந்துவிடவில்லை. இது உடன்போக்குக் கதை. உடன்போக்கில் இரவில் தலைவியை வெளியே கொணர்ந்து தலைவனிடம் சேர்ப்பித்து அறிவுரை கூறி அனுப்புபவள் தோழி. பாக்கியத்துக்கு அப்பணியைச் செய்பவர் தந்தை. பணமும் நகையும் கொடுத்து, வழி சொல்லி, இனி ஊர்ப்பக்கம் வராதே எனச் சொல்லி அனுப்புகிறார். உடன்போக்கு அறிந்து அரற்றுதல் நற்றாய்க்கும் செவிலிக்கும் உரியது; அதையும் அவரே செய்கிறார், மகள் செல்வதற்கு முன்பே. அகமரபு தந்தைக்குக் கொடுத்த மௌனத்தை உடைத்த இமையம், அவருக்குத் தந்தைக்குரிய சொற்களை மட்டும் தரவில்லை. காலியாகிவிட்ட தோழியின் இடத்தையும் தாயின் இடத்தையும் அவர் வாயாலேயே நிரப்புகிறார். ஒரே ஆள் மூவர் கூற்றைச் சுமக்கும்போது நீண்டு நீண்டு செல்லும் அப்பேச்சைச் சில திறனாய்வாளர் மிகையுணர்ச்சி என்பர். துறை நோக்கிற் படிப்போர்க்கு அந்நீளத்தின் காரணம் புலப்படும்.

மற்றொன்றும் குறிக்கத்தக்கது. பழனி ஊரிடம் தந்த உறுதி ஒரு கூற்று. மகளிடம் பேசியது மற்றொரு கூற்று. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன. ஊர் கேட்கும்படி சொன்னதை இருளில் மாற்றிச் செய்ததற்கு அவர் தம் உயிரை விலையாகக் கொடுக்கிறார். அகப்பாடலில் தந்தை குறிப்பால் உணர்வார். இங்கு உணர்ந்த தந்தை, தாம் உணர்ந்ததை ஊரறியச் சொல்ல முடியாமல் சாகிறார்.

தலைவன் மட்டும் பேசும்போது: ‘எங் கதெ’

2015இல் வெளிவந்த இமையத்தின் ‘எங் கதெ’யில் ஊர் பின்வாங்கிவிடுகிறது. படித்து வேலையற்றிருக்கும் விநாயகம், கணவனை இழந்து இரு பெண் குழந்தைகளோடு தன் ஊர்ப் பள்ளியில் அலுவலகப் பணிக்கு வரும் கமலாவிடம் மனம் பறிகொடுக்கிறான். ஆண்டுகள் பல ஓடுகின்றன. பின்னர் அவளுக்கு உயர் அலுவலர் ஒருவரோடு தொடர்பு ஏற்படுகிறது என்றறிந்து கொதிக்கிறான். இவ்வளவும் விநாயகத்தின் வாய்மொழியாகவே, எழுத்தொலியும் பேச்சொலியாக, தொடக்கம் முதல் இறுதிவரை சொல்லப்படுகின்றன. தலைப்பே தன்மைக் கூற்று.

அகமரபில் நீண்ட தலைவன் கூற்றுகள் உண்டு. ஆனால் அவை நெஞ்சுக்கோ, பாகனுக்கோ, பாங்கனுக்கோ உரைக்கப்படுவன. ஒரு பாடலோடு முடிவன. அடுத்த பாடலில் தலைவியோ தோழியோ பேசுவர். தொகைநூலில் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்று சமன்செய்கிறது. ‘எங் கதெ’யில் அடுத்த பாடல் இல்லை. கமலா பேசுகிறாள், கூர்மையாகவே பேசுகிறாள். ஆனால் அவள் சொன்னதாக விநாயகம் சொல்லும் சொற்களே அவை. தொல்காப்பியர் ஊருக்கும் அயலுக்கும் தந்தைக்கும் தமையனுக்கும் விதித்த அதே நிலை, பிறர் எடுத்துரைத்தாலன்றிப் பேச்சில்லை என்னும் நிலை, இங்கே தலைவிக்கு வந்துவிடுகிறது.

இதனை ஆசிரியரின் பெண் நோக்கில் உள்ள குறை எனச் சாடியவர் உண்டு. அவ்வாறு கொள்வதற்கு நாவல் முழுவதும் இடமளிக்கவில்லை. விநாயகம் தன்னையறியாமல் எடுத்துரைக்கும் கமலாவின் மறுமொழிகள் அவனது குற்றச்சாட்டுகளைவிடத் தெளிவானவை. சொல்பவனையும் மீறிச் சொல்லப்படுபவள் நிமிர்ந்துநிற்கும் இடங்கள் பல. கலித்தொகைத் தோழி தமையன்மாரின் சினத்தைத் தன் கூற்றுக்குள் அடக்கியாண்டாள். விநாயகத்தால் கமலாவின் சொற்களை அவ்வாறு அடக்க இயலவில்லை.

காமம் மிக்க தலைவன் மடலேறுவான், வரைபாய்வான்; அகமரபில் அவன் வன்முறை தன் உடலின்மீதே திரும்பும். தலைவிமீது கை ஓங்கும் தலைவனுக்கு அன்பின் ஐந்திணையில் இடமில்லை. விநாயகமோ கமலாவைக் கொன்றுவிடத் துணிந்து செல்கிறான்; செய்யாமல் விலகுகிறான். அத்துணிவையும் விலகலையும் அவனே சொல்கிறான். அருகிலிருந்து கேட்பதற்குப் பாங்கன் இல்லை. களவில் பாங்கனின் முதற்பணி தலைவனைக் கழறுதல். கழறியபின்னரே உடன்படுவான், உதவுவான். ‘எங் கதெ’யில் விநாயகம் தன் பேச்சைக் கேட்போரை விளித்துச் செல்லும் இடங்களிலெல்லாம் அப்பாங்கனின் இருக்கை வெறுமையாகவே இருக்கிறது. அதில் அமர்த்தப்படுபவர் வாசகர்; கழறுவதா, உடன்படுவதா என்பது அவரிடம் விடப்படுகிறது.